கிளாரினெட் பிசகினால் உதட்டைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

கிளாரினெட்டில் எது பிசகினாலும் வாசிப்பவர் முதலில் செய்வது ஒன்றுதான்: கீழ்த்தாடையை இன்னும் கொஞ்சம் இறுக்குவார். கீச்சிட்டாலும் இறுக்குவார், சுருதி இறங்கினாலும் இறுக்குவார், ஒலியே வராவிட்டாலும் இறுக்குவார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அந்த இறுக்கம் ஒரு கோளாறைக்கூடத் தீர்த்ததில்லை. இருந்த கோளாறோடு புதிதாக ஒன்றைச் சேர்த்ததுதான் மிச்சம். அதனால் என்னிடம் வரும் மாணவர்களுக்கு ஒரு வரிசை சொல்லிக் கொடுக்கிறேன்: முதலில் விரல், பிறகு ரீட் (வாயில் வைக்கும் மவுத்பீஸில் பொருத்தும், அதிரும் நாணல் தகடு), பிறகு பேட் (துளையை மூடும் சிறு மெத்தை), பிறகு காற்று, கடைசியில்தான் உதடு. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு இப்போது எது தொல்லையோ அங்கே நேராகப் போய்விடலாம்.

ஒரு சொல் முன்கூட்டி: நான் சொல்லும் ஏ, பி, சி போன்ற சுரப் பெயர்கள் எல்லாம் கிளாரினெட் தாளில் எழுதியிருக்கும் பெயர்கள். ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக இரண்டு வகைக் கிளாரினெட் உண்டு. பி ஃப்ளாட் கிளாரினெட்டில் அவை ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும். ஏ கிளாரினெட்டில் ஒன்றரைச் சுரம் கீழே ஒலிக்கும்.

"கீச்சென்று கத்துகிறது"

எப்போது கத்துகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே சுரத்தில், ஒரே இடத்தில் கத்தினால் அது விரல் வேலை. இன்று இங்கே, நாளை அங்கே என்று இடம் மாறினால் ரீட் அல்லது வாய். ஒரு குறிப்பிட்ட சுரத்துக்குக் கீழே உள்ள எல்லாமே தடுமாறினால் காற்று எங்கோ கசிகிறது. இந்த மூன்றைப் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

விரலைச் சோதிக்க எளிய வழி உண்டு. கீச்சிடும் சுரத்துக்கான துளைகளை வழக்கம்போல மூடி, பத்து விநாடி சற்று அழுத்திப் பிடியுங்கள். பிறகு கையை எடுத்து விரல் நுனிகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். துளையின் விளிம்பு தோலில் வட்டமாகப் பதிந்திருக்கும். வட்டம் முழுதாக இருந்தால் அந்த விரல் குற்றமற்றது. பிறை போல ஒரு பக்கம் விட்டுப் போயிருந்தால் அங்கேதான் காற்று ஓடுகிறது. பெரும்பாலும் இடது மோதிர விரலில்தான் அந்தப் பிறை தெரியும். அடுத்தபடியாக வலது மோதிர விரல். இப்படி அழுத்துவது சோதனைக்கு மட்டும். வாசிக்கும்போது விரலின் எடையே போதும், ஆனால் விரல் விழும் இடம் துளையின் நடுவாக இருக்க வேண்டும்.

வட்டமெல்லாம் சரியாக இருந்தும் அதே சுரம் கத்துகிறதா? அப்படியானால் வாசிக்காத விரலைப் பாருங்கள். வலது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு எலும்பு அங்கே இருக்கும் டிரில் கீகளை (இரு சுரங்களை வேகமாக மாறி மாறி வாசிக்க உதவும் சாவிகள்) லேசாக இடிக்கும். இடது ஆள்காட்டியின் அடிப்பகுதி ஏ கீயின் மேல் சாய்ந்திருக்கும். ஒரு மயிரிழை திறந்தாலும் போதும், கிளாரினெட் அடுத்த ஸ்தாயிக்குத் தாவிவிடும். வாசிக்கும்போது இது தெரியாது. அருகில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது செல்போனைப் பக்கவாட்டில் வைத்துப் படம் பிடியுங்கள்.

விரல் குற்றமில்லை என்று தெரிந்தபின் ரீட். மவுத்பீஸில் ரீடை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ரீட் நுனியை மெல்ல அழுத்தினால் மவுத்பீஸின் கறுப்பு விளிம்பு ஒரு நூலளவுக்குத் தெரிய வேண்டும். இடம் வலமாக நகர்ந்திருந்தால் ரீடின் ஒரு ஓரம் மவுத்பீஸின் தண்டவாளத்தில் (பக்க விளிம்பில்) சரியாகப் படியாது, கீச்சிடும். நுனியில் கண்ணுக்குத் தெரியாத சின்ன விரிசல் இருக்கலாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். விரிசல் இருந்தால் அந்த ரீடுக்கு வைத்தியம் இல்லை, மாற்றிவிடுங்கள். நுனி அலை அலையாக நெளிந்திருந்தால் மட்டும் வைத்தியம் உண்டு: இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டின் மேல் தட்டையாக வைத்துக் கட்டைவிரலால் நீவிவிடுங்கள்.

ரீட் வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கிளாரினெட் ரீட் அருண்டோ டோனாக்ஸ் என்ற நாணல் வகையின் தண்டைச் சீவிச் செய்வது. பிரான்சின் தெற்கே வார் பகுதியில் விளையும் நாணலுக்குப் பெரும் பெயர் உண்டு. நாதஸ்வரக்காரர்கள் சீவாளியை எப்படிப் பார்த்துப் பார்த்துப் பேணுகிறார்களோ, அதே பொறுமை இதற்கும் வேண்டும். ஒரு பெட்டியில் எல்லா ரீடும் ஒன்றுபோல் இருக்காது. நான்கைந்தை மாற்றி மாற்றி வாசியுங்கள். ஒன்றையே தேய்த்து, அது செத்தபின் புதியதை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போகாதீர்கள். இரண்டரை, மூன்று என்று பெட்டியில் போட்டிருக்கும் எண் அந்த நிறுவனத்தின் அளவு மட்டும்தான். ஒருவருடைய மூன்று இன்னொருவருடைய இரண்டரை.

ரீடின் இரு பாதிகளும் சமமாக அதிர்கின்றனவா என்று அறிய, மவுத்பீஸை வாய்க்குள் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி ஊதுங்கள், பிறகு வலப்பக்கம் திருப்பி ஊதுங்கள். ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் அடைத்தாற்போலவும் ஒலித்தால், அடைத்த பக்கம் கனமாக இருக்கிறது. மிக நுண்ணிய உப்புத்தாளால் அந்தப் பக்கத்தை இரண்டு முறை தடவுங்கள். மறுபடி ஊதிப் பாருங்கள். நாலாவது தடவலுக்குப் போவதற்குள் நிறுத்திவிடுவது நல்லது. எடுத்த மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது.

இதெல்லாம் முடிந்தபின்தான் வாய். மவுத்பீஸை மட்டும் கழற்றி, ரீடோடு ஊதுங்கள். பி ஃப்ளாட் கிளாரினெட் மவுத்பீஸ் தனியாகப் பியானோவின் மேல் ஸ்தாயி சி-க்கு அருகில் ஒலிக்க வேண்டும். அதைவிட மேலே ஏறி மெலிந்து கத்தினால் நீங்கள் கடிக்கிறீர்கள். கீழே தொங்கினால் உதட்டின் ஓரங்கள் தளர்ந்துவிட்டன. ஓரங்களை உள்நோக்கிக் கூட்டுங்கள், தாடையைத் தட்டையாக வையுங்கள், மேல்பற்கள் மவுத்பீஸின் மேல் சும்மா அமரட்டும்.

"நேற்றுவரை வந்த கீழ்ச் சுரங்கள் இன்று வரவில்லை"

இது எனக்கு நேர்ந்தது. ஒத்திகைக்குத் தாமதமாக ஓடிப்போய், மேடைக்குப் பின்னால் அவசரமாக இரண்டு பாகங்களையும் முறுக்கிச் சேர்த்தேன். முதல் பக்கத்திலேயே வலக்கைச் சுரங்கள் ஒவ்வொன்றாக மூச்சடைத்தன. உதட்டை இறுக்கினேன், ரீடை மாற்றினேன், இன்னும் இறுக்கினேன். இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரர் என் கிளாரினெட்டை வாங்கி ஒரே பார்வையில் காட்டினார்: மேல் பாகத்தையும் கீழ்ப் பாகத்தையும் இணைக்கும் பாலக் கீ வளைந்திருந்தது. ஒன்றுக்கொன்று மேலே சரியாகப் படிய வேண்டிய இரண்டு உலோக நாக்குகளில் ஒன்று மற்றொன்றை மிதித்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு பேட் முழுதாக மூட முடியாமல் தவித்ததற்கு அதுதான் காரணம்.

ஆகவே பாகங்களைச் சேர்க்கும்போது மேல் பாகத்தின் வளையங்களை இடக்கை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பாலத்தின் மேல் நாக்கு உயரும். அந்த நிலையில் மெல்லத் திருப்புங்கள். தக்கையில் கிரீஸ் இல்லாமல் இறுகிப் போயிருந்தால்தான் எல்லோரும் முரட்டுத்தனமாக முறுக்குவார்கள். ஒரு பொட்டு கார்க் கிரீஸ் இந்த விபத்தைத் தடுக்கும். பாலக் கீ வளைந்துவிட்டால் நீங்களாக இடுக்கியை எடுக்காதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

பாலக் கீ நேராக இருந்தும் கீழ்ச் சுரங்கள் வரவில்லை என்றால் பேட் கசிவு. கண்டுபிடிக்க: மேல் பாகத்தைக் கழற்றி, எல்லாத் துளைகளையும் இடக்கையால் மூடி, அடிவாயை வலது உள்ளங்கையால் அடைத்து, மேலே வாய் வைத்து உறிஞ்சுங்கள். உள்ளே வெற்றிடம் உருவாகி நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். சில விநாடிகள் நின்று, வாயை எடுக்கும்போது 'டப்' என்று சத்தம் வந்தால் அந்தப் பாகம் ஆரோக்கியமாக இருக்கிறது. உடனே காற்று உள்ளே வந்துவிட்டால் கசிகிறது. எந்த பேட் என்று தெரிய, சிகரெட் தாளை மெல்லிய பட்டையாகக் கிழித்து ஒவ்வொரு பேடின் கீழும் வைத்து, மூடி, மெல்ல இழுங்கள். எல்லாத் திசையிலும் ஒரே அளவு பிடிப்பு இருக்க வேண்டும். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம்தான்.

"ஏ-யிலிருந்து பி-க்குப் போகும்போது உடைகிறது"

புல்லாங்குழலில் வேகமாக ஊதினால் அதே விரலமைப்பில் ஒரு ஸ்தாயி மேலே வரும். கிளாரினெட் அப்படியல்ல. அதன் உள்துளை உருளை வடிவம், ஒரு முனையை ரீட் அடைக்கிறது. அதனால் அது எட்டாம் சுரத்துக்குப் போகாமல் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவுகிறது. கீழ் ஈ-யின் விரலோடு ரெஜிஸ்டர் கீயை (இடது கட்டைவிரலால் திறக்கும், ஒலியை மேலே தாவச் செய்யும் சாவி) திறந்தால் பி வருகிறது. இந்த நீண்ட இடைவெளியை நிரப்பத்தான் தொண்டைப் பகுதிச் சுரங்கள், அதாவது கருவியின் மேல் முனைத் துளைகளில் எழும் சுரங்கள், இருக்கின்றன. அவற்றில் ஏ-யை வாசிக்க ஒரு விரல் போதும். அடுத்த சுரமான பி-க்கு ஏறத்தாழ எல்லா விரல்களும் வேண்டும். ஒரே நொடியில் ஒன்றிலிருந்து எட்டுக்குப் போகிறீர்கள். உடைவதில் ஆச்சரியமில்லை.

சோதனை: கீழ் ஈ-யை மெல்லிய ஒலியில் நீட்டுங்கள். அது நிலையாக நின்றபின், வேறு எதையும் அசைக்காமல் இடது கட்டைவிரல் நுனியை மட்டும் உருட்டி ரெஜிஸ்டர் கீயைத் தொடுங்கள். பி தெளிவாக வந்தால் கருவியும் உதடும் சரி, குற்றம் விரல் மாற்றத்தில். கீழ் ஈ-யே நடுங்கினால் மேலே சொன்ன கசிவுச் சோதனைக்குப் போங்கள்.

தீர்வு, ஏ வாசிக்கும்போதே வலக்கையின் மூன்று விரல்களையும் சுண்டு விரலையும் மூடி வைத்துக்கொள்வது. ஏ-யின் ஒலி கெடாது, தாண்டும்போது இடக்கை மட்டும் வேலை செய்தால் போதும். அந்த இடக்கையிலும் ஆள்காட்டி விரல் ஏ கீயிலிருந்து எழும்பிக் குதிக்கக் கூடாது, சாய்ந்து உருண்டு துளைக்கு வர வேண்டும். காற்றைக் குறைக்காதீர்கள். தாண்டும் இடத்தில் பயந்து மூச்சைப் பிடிப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம், அதுதான் பி-யை வராமல் செய்கிறது. சாலையில் நீர்க்குழியைத் தாண்டுபவர் வேகத்தைக் குறைத்தால் குழிக்குள்தான் விழுவார்.

தொண்டைச் சுரங்கள் தாமே மங்கலாக, காற்றடித்தாற்போல் ஒலிப்பதாகப் பலர் வருந்துகிறார்கள். குறிப்பாக பி ஃப்ளாட். இது உங்கள் குறை அல்ல. அந்தச் சுரத்துக்கான துளையும் ரெஜிஸ்டர் துளையும் ஒன்றே. இரண்டு வேலைக்கும் பொதுவாக ஒரு சமரச அளவில் அதைத் துளைத்திருக்கிறார்கள். வலக்கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து மூடிப் பாருங்கள். ஒலி உருண்டு திரளும், ஏறியிருக்கும் சுருதியும் கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு கருவிக்கும் பொருந்தும் விரல் கூட்டணி வேறு. உங்களுடையதைக் கண்டுபிடித்துத் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

"கொட கொடவென்று சத்தம்"

துளையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வழக்கமான இடங்கள் தொண்டை ஏ துளையும் சி ஷார்ப் துளையும். அந்த கீயைத் திறந்து, துளைக்குக் குறுக்கே சுருக்கென்று ஊதுங்கள். பிறகு சிகரெட் தாளை பேடின் கீழ் வைத்து மெல்ல அழுத்தி ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். அழுத்திக்கொண்டே இழுத்தால் பேடின் தோல் கிழியும். ஆர்கெஸ்ட்ராவில் நீண்ட இடைவெளி வரும்போதெல்லாம் துடைக்கும் துணியை ஒருமுறை உள்ளே இழுத்துவிடுங்கள். ஓய்வில் மடியில் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்தால் தண்ணீர் ஒரே தடத்தில் ஓடி அதே துளைக்குள் இறங்கும்.

"வீட்டில் சுருதி சரி, குழுவில் சேரவில்லை"

இதற்கு நிறைய இடம் கொடுக்கிறேன். ஆர்கெஸ்ட்ராவில் கிளாரினெட்டை அவமானப்படுத்துவது கீச்சொலியைவிட இதுதான்.

ஓபோ என்ற குழல் வாத்தியம் கொடுக்கும் ஏ-க்கு எல்லோரும் சேர்கிறோம். பி ஃப்ளாட் கிளாரினெட்டில் அது பி, ஏ கிளாரினெட்டில் சி. அந்த ஒரு சுரத்தைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் கிளாரினெட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு: மெல்ல வாசித்தால் சுருதி ஏறும், உரக்க வாசித்தால் இறங்கும். பக்கத்தில் இருக்கும் புல்லாங்குழல் இதற்கு நேர்மாறு. மெல்ல ஊதினால் அது இறங்கும். ஒரு மெல்லிய இறுதி ஒலியில் இருவரும் சேர்ந்து தேயும்போது ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று பிரிந்து போகிறார்கள். இருவரும் "நான் அசையவே இல்லை" என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை.

தேயும் ஒலியில் செய்ய வேண்டியது: தாடையை ஒரு நூலளவு தளர்த்துங்கள், வாய்க்குள் இடத்தைக் கூட்டுங்கள், ஆனால் காற்றின் வேகத்தை விடாதீர்கள். அளவைக் குறைத்து வேகத்தைக் காப்பது என்பது முதலில் கைக்கு வராது. குழாயின் நுனியை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் குறைந்து பாய்ச்சல் கூடுகிறதே, அதை நினைத்துக்கொண்டு ஊதுங்கள். தினமும் டியூனரை எதிரே வைத்து, ஒரே சுரத்தை எட்டு எண்ணிக்கை வளர்த்து எட்டு எண்ணிக்கை தேய்க்கும் பயிற்சியைச் செய்யுங்கள். ஷூபெர்ட் 1822 இல் எழுதத் தொடங்கிய 'முடிவுறாத' சிம்பொனியின் முதல் பகுதியில் ஓபோவும் கிளாரினெட்டும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கின்றன, அதுவும் மெல்ல. அங்கே பிரிந்தால் அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும். என் கருத்தில் அங்கே ஓபோவைப் பின்தொடர்வதுதான் கிளாரினெட்டின் கடமை. ஓபோக்காரருக்குத் தன் சுருதியை நகர்த்த நம்மைவிடக் குறைந்த இடமே உண்டு.

அடுத்தது வெப்பம். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ மூன்று சென்ட் சுருதி ஏறும். அரைச் சுரம் நூறு சென்ட் என்றால், ஐந்து டிகிரி வித்தியாசத்துக்கே காது சுளிக்கும். குளிரூட்டிய அரங்கில் நுழைந்ததும் கிளாரினெட் தாழ்ந்திருக்கும். உடனே கடித்து மேலே தூக்காதீர்கள். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கியபின் சுருதி பாருங்கள்.

கருவி உண்மையிலேயே ஏறியிருந்தால் பேரல் என்ற, மவுத்பீஸுக்கும் மேல் பாகத்துக்கும் நடுவே உள்ள சிறு துண்டை வெளியே இழுக்கிறோம். ஒரு மில்லிமீட்டர் வரை நல்லது. இரண்டைத் தாண்டினால் பேரலுக்கு அருகில் இருக்கும் தொண்டைச் சுரங்கள் மற்றவற்றைவிட அதிகம் இறங்கி, கருவியே தனக்குள் சேராமல் போகும். அதற்குமேல் வேண்டுமானால் நடு மூட்டிலும் கொஞ்சம் இழுத்துப் பங்கிடுங்கள்.

"எல்லாச் சுரமும் அரைச் சுரம் தள்ளி ஒலிக்கிறது"

தவறான கிளாரினெட்டை எடுத்துவிட்டீர்கள். சொல்லப்போனால் எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும். ஆர்கெஸ்ட்ரா கிளாரினெட்காரர் பி ஃப்ளாட், ஏ என்று இரண்டைச் சுமக்கிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஏ சற்று நீளம், அவ்வளவுதான். மொட்சார்ட் 1791 இல் அன்டன் ஸ்டாட்லருக்காக எழுதிய கான்செர்ட்டோவை இன்று பெரும்பாலும் ஏ-யில் வாசிக்கிறோம். சைக்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனி தொடங்கும் அந்த இருண்ட கீழ் ஸ்தாயி மெட்டும் இரண்டு ஏ கிளாரினெட்டுகளுக்குத்தான். தாளில் மாற்றம் வரும் இடத்துக்கு நான்கு வரி முன்பே சிவப்புப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஸ்டாண்டில் இரண்டும் எப்போதும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

சி கிளாரினெட்டுக்கு எழுதிய தாளும் வரும். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் இறுதிப் பகுதி அப்படி. கையில் சி இல்லாதவர்கள் பி ஃப்ளாட்டில் ஒரு முழுச் சுரம் ஏற்றிப் படிக்கிறார்கள். மேடையில் அல்ல, வீட்டிலேயே பழக வேண்டிய வேலை இது.

மாற்றியபின் வரும் உண்மையான தொல்லை குளிர்ந்த கருவி. அரை மணி நேரம் ஸ்டாண்டில் நின்ற ஏ கிளாரினெட் தாழ்ந்துதான் இருக்கும். ரக்மானினோவின் இரண்டாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில், சில அடிகளிலேயே (தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட கட்டம் ஒரு அடி) ஏ கிளாரினெட் தனியாகப் பாடத் தொடங்கி முடிவே இல்லாததுபோல் நீண்டுகொண்டே போகும். 1908 இல் முதலில் மேடையேறிய அந்த இசையில், எனக்குத் தெரிந்து, எந்த வாத்தியத்துக்கும் இதைவிடப் பெரிய கொடை கிடைத்ததில்லை. அதைக் குளிர்ந்த மரத்தோடு தொடங்குவது பாவம். முந்தைய இடைவெளியில் எல்லாத் துளைகளையும் மூடி, ஒலி எழாமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே விடுங்கள். மேல் பாகத்தைக் கைகளால் பொத்தி வைத்திருங்கள்.

"நாக்கு வேகம் போதவில்லை"

மெண்டல்சோனின் 'கோடை நள்ளிரவுக் கனவு' ஷெர்ட்சோவை (துள்ளலான வேகப் பகுதி) ஆர்கெஸ்ட்ராத் தேர்வுகளில் கேட்பார்கள். அங்கேதான் இந்தப் புகார் தொடங்கும். நாக்கு மெதுவாக இருப்பதால் அல்ல, அதிக தூரம் பயணிப்பதால்தான் பெரும்பாலோர் பின்தங்குகிறார்கள். கண்ணாடி முன் வாசியுங்கள். தாடை அசைந்தால் நாக்கின் அடியே அசைகிறது என்று பொருள். நாக்கின் நுனி, ரீடின் நுனியைத் தொட்டு விடுவதே போதும், ஒரு தாளின் தடிமன் விலகினாலும் ரீட் அதிரும்.

இன்னொரு மறைந்த குற்றவாளி விரல். ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே ஒரு மௌனம் உண்டு, அந்த மௌனத்துக்குள் விரல் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். நாக்கு விடுபடும்போது விரலும் நகர்ந்தால் சுரம் அழுக்காகும். நிமிடத்துக்கு அறுபது தட்டு என்று மெட்ரோனோம் வைத்து, நாக்கு மூடியதும் விரலை உடனே மாற்றி, காத்திருந்து, பிறகு விடுங்கள். சலிப்பூட்டும் பயிற்சிதான். வேறு எதுவும் எனக்குப் பலித்ததில்லை.

நம் ஊரில் கிளாரினெட்டைக் கர்நாடக இசைவழி தொடங்கி ஆர்கெஸ்ட்ராவுக்கு வருபவர்களுக்கு விரலில் வேறொரு பழக்கம் இருக்கும். துளையைப் பாதி மூடி, வழுக்கி, சுரத்தை வளைக்கும் பழக்கம். சதிர்க் கச்சேரிகளில் துணையாக இருந்த கிளாரினெட்டை, தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திக் காட்டியவர் ஏ.கே.சி. நடராஜன். அவர் கமகத்தைக் கேட்டு வளர்ந்த விரல் அப்படித்தான் போகும். அதை மறக்க வேண்டாம். ஆனால் மொட்சார்ட்டில் விரல் துளையிலிருந்து நேராக எழ வேண்டும், பக்கவாட்டில் சரியக் கூடாது. வழுக்கல் தேவைப்படும் இடமும் ஆர்கெஸ்ட்ராவில் உண்டு: 1924 இல் வந்த கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ' தொடக்கத்தில் கிளாரினெட் கீழிருந்து மேலே ஊளையிட்டு ஏறுகிறதே, அது. கமகம் பழகிய விரலுக்கு அது மற்றவர்களைவிட விரைவில் வசப்படும்.

"வலது கட்டைவிரல் வலிக்கிறது"

ஏறத்தாழ எண்ணூறு கிராம் எடையை ஒரே விரல் தாங்குகிறது. கழுத்துப் பட்டை போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கட்டைவிரல் தாங்கியின் உயரத்தை மாற்றிப் பாருங்கள். வலியோடு வாசித்துப் பழகினால் வலி பழகாது, கை கெடும். இரண்டு வாரம் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

"மரத்தில் கோடு விழுந்திருக்கிறது"

கிளாரினெட் கறுப்பு மரம் தான்சானியா, மொசாம்பிக் பகுதிகளிலிருந்து வருவது. உள்ளே சூடான ஈர மூச்சு, வெளியே குளிர்ந்த உலர்ந்த காற்று என்றால் உட்புறம் விரிந்து வெளிப்புறம் தாங்காமல் வெடிக்கும். பெரும்பாலும் மேல் பாகத்தில், டிரில் துளைகளுக்கு அருகே. சென்னை போன்ற ஊரில் வெளியே வெக்கை, அரங்கத்துக்குள் ஏ.சி. பெட்டியைத் திறந்ததும் பாகங்களைச் சேர்த்து முழு மூச்சில் ஊதாதீர்கள். மேல் பாகத்தை அக்குளில் வைத்துக் கொஞ்சம் சூடேற்றுங்கள். புதுக் கருவியாக இருந்தால் முதல் சில வாரங்கள் நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கோடு தெரிந்தால் வாசிப்பதை அன்றே நிறுத்துங்கள். ஆரம்பத்திலேயே போனால் பழுது பார்ப்பவர் பசை விட்டு மூடிவிடுவார்.

"மெல்லத் தொடங்க வேண்டிய இடத்தில் ஒலியே வரவில்லை"

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதில் மேலே சொன்ன அத்தனையும் சேர்ந்து வரும். சிபேலியஸின் முதல் சிம்பொனி, 1899: டிம்பனி முரசின் உருட்டொலிமேல் கிளாரினெட் மட்டும் தொடங்குகிறது. சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனி, 1893: முதல் பகுதியின் நடுவில் கிளாரினெட் தேய்ந்து தேய்ந்து போய், கடைசி நான்கு சுரங்களை பாசூன் என்ற ஆழ்ந்த ஒலியுள்ள குழலுக்கு விடுகிறது. 'மெல்ல' என்பதைக் குறிக்கும் 'பி' (p) எழுத்தை அங்கே அடுத்தடுத்து ஆறு முறை எழுதியிருக்கிறார். அவ்வளவு மெல்ல பாசூனில் வாசிப்பது கடினம் என்பதால் பல ஆர்கெஸ்ட்ராக்களில் அந்த நான்கையும் பாஸ் கிளாரினெட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அளவு மென்மை கிளாரினெட் குடும்பத்துக்கே உரியது. அதனால்தான் எழுதுபவர்கள் நம்மை நம்புகிறார்கள், அதனால்தான் நமக்கு வாய் உலர்ந்து போகிறது.

"நாக்கால் அடித்தால் 'டக்' என்று வெடிக்கிறது, நாக்கில்லாமல் விட்டால் வரவே மாட்டேன் என்கிறது, சார்" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளைக் கவனித்தேன். மூச்சை இழுக்கிறாள், பிடித்துக்கொள்கிறாள், உதட்டைச் சரி செய்கிறாள், பிறகு காற்றையும் நாக்கையும் ஒரே நேரத்தில் விடுகிறாள். காற்று வந்து சேரும்போது நாக்கு போய்விட்டிருக்கிறது. வரிசையை மாற்றச் சொன்னேன்: விரல்கள் இடத்தில், உதடு இடத்தில், நாக்கு நுனி ரீடை லேசாகத் தொட்டபடி. இப்போது வயிற்றிலிருந்து காற்றின் அழுத்தம் நாக்குக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும், அணைக்குப் பின்னால் தண்ணீர்போல. அழுத்தம் வந்தபின் நாக்கை விலக்கினால் போதும், அடிக்க வேண்டியதில்லை. மூன்றாவது முறையில் அந்த ஒலி எங்கிருந்து தொடங்கியது என்றே எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு வீட்டில் வந்தது மேடையில் வரவில்லை. காரணம் ரீட். எண்பது அடிகள் சும்மா இருக்கும்போது அரங்கின் ஏ.சி. காற்றில் நுனி உலர்ந்து நெளிந்துவிடுகிறது. காத்திருக்கும் நேரம் முழுக்க மவுத்பீஸுக்கு மூடி போட்டு வையுங்கள். உங்கள் இடத்துக்கு இருபது அடிகள் முன்பு மூடியை எடுத்து, ரீடை வாய்க்குள் நனைத்துக்கொள்ளுங்கள். துணியால் தண்ணீரைத் துடையுங்கள், ஒலி எழாமல் சூடான மூச்சை விடுங்கள். எண்ணிக்கை தவறும் என்ற பயம் இருந்தால், உங்களுக்கு முன்னால் யார் என்ன வாசிக்கிறார் என்பதை ஒத்திகையிலேயே தாளில் எழுதி வையுங்கள்: 'ஹார்ன் முடிந்ததும்', 'செல்லோ கீழே இறங்கியதும்' என்று. எண்ணும் மனம் தடுமாறினாலும் காது தடுமாறாது.

வீட்டில் பயிற்சி செய்யும்போது நேராகத் தனிப் பகுதிக்குப் போகாதீர்கள். நாற்காலியில் நான்கு நிமிடம் கடிகாரம் பார்த்துச் சும்மா உட்காருங்கள். கிளாரினெட் மடியில் இருக்கட்டும், ரீட் உலரட்டும், கை குளிரட்டும். நான்காவது நிமிடம் முடிந்ததும் ஒரே முயற்சியில் முதல் சுரத்தைத் தொடங்குங்கள். வராவிட்டால் உடனே மறுமுறை முயலக் கூடாது, இன்னும் நான்கு நிமிடம் உட்காருங்கள். அந்த மாணவி இதை மூன்று வாரம் செய்தாள். கச்சேரியன்று அவள் வாசித்த முதல் சுரத்தை, பக்கத்து நாற்காலியில் இருந்த நானே அது தொடங்கி ஒரு நொடி ஆனபிறகுதான் கேட்டேன்.